காகிதம் கட்டிய குண்டு

கடலூருக்கு வடக்கே, கடலோரமாகப் போனால் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் வரும். நகரத்துக்குள்ளேயே குண்டு சாலை என்று ஒரு சாலையும் உண்டு. வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். குண்டானவர்கள் அதிகமோ என்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போன கேலி.

குண்டு என்றால் இங்கே பீரங்கிக் குண்டுதான். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு நிலமும் சேர்த்திதான். ஆனால் எவ்வளவு நிலம்? சங்கிலி போட்டு அளக்கவில்லை, வரைபடமும் போடவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு என்று பேச்சு. சென்னையில் அப்போது ஆளுநர் எலிஹு யேல். இருந்ததிலேயே நல்ல பித்தளைப் பீரங்கியைத் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். மருந்தை எப்படிக் கெட்டித்துக் குழலை எந்தக் கோணத்தில் தூக்கினால் குண்டு அதிக தூரம் போகும் என்பது சுடுகிறவன் கைத்திறமை என்று கூடவே போன கடிதத்தில் கண்ணடிக்காத குறை. செப்டம்பர் மாதம் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. ஒரு நாள் சத்தத்தில் கை மாறிய ஊர்கள் நம்முடையவை.

அந்தக் குண்டு பெரிய அண்ணன். அதற்கு ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டது. அதன் சின்னத் தம்பி ஒன்று உண்டு: கட்டைவிரல் பருமன் ஈயக் குண்டு, காகிதச் சட்டை போட்டது. அதுவும் கடலூர் வழியாகப் போய், வடக்கே ஒரு பெரும் தீயை மூட்டி, கடைசியில் கடலூர்க்காரப் பெண் ஒருத்தியின் கதையில் வந்து முடிந்த ஒன்றுதான். அதற்கு எந்தச் சாலையும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டா என்ற சொல் நமக்கு உருது வழியாக வந்தது. இன்றைக்குத் தோட்டா என்றதும் பித்தளையில் பளபளக்கும் ஒன்று மனதில் வருகிறது. இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு தோட்டா என்பது காகிதப் பொட்டலம், அவ்வளவுதான். சில்வர் பீச்சில் சுண்டல் மடித்துத் தருகிறார்களே, கூம்பாகச் சுருட்டி அடியைத் திருகி, அதே கைவேலை. ஒரு முனையில் ஈய உருண்டை, மேலே அளந்து போட்ட மருந்து, பிறகு வாயைத் திருகி மடித்துவிட வேண்டியது. சிப்பாயின் இடுப்புப் பெட்டியில் இப்படி வரிசையாகப் பொட்டலங்கள் இருக்கும். சண்டையில் ஒன்றை எடுத்து, திருகிய முனையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, மிச்சக் காகிதத்தோடு உருண்டையை உள்ளே விட்டுக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். இரண்டு கையும் துப்பாக்கியோடு மல்லுக்கட்டும்போது மூன்றாவது கை வாய்தான். முன்பல் இல்லாதவனைப் படையில் எடுக்கத் தயங்கினார்கள்.

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. சுமார் 19 மில்லிமீட்டர் குழலுக்குள் 17.5 மில்லிமீட்டர் உருண்டை. சுற்றிலும் இடைவெளி. வெடித்ததும் உருண்டை குழலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டிக்கொண்டு வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கேற்பத் திசை மாறும். நூறு கஜம் தாண்டினால் குறி என்பதே ஒரு நம்பிக்கைதான். அதனால்தான் நூற்றுக்கணக்கானவர்களைத் தோளோடு தோள் நிறுத்தி ஒரே நேரத்தில் சுடச் சொன்னார்கள். இந்த ஏற்பாட்டில் காகிதத்துக்கு வேலை குறைவு. உருண்டை உருண்டு வெளியே விழாமல் அடைக்கும், பாதி எரியும், மீதி புகையோடு பறக்கும்.

நம் மாவட்டம் இந்தக் காகிதத்தை ஏராளமாகத் தின்றிருக்கிறது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1781 ஜூன் 18 அன்று சிதம்பரம் கோயில் மதிலுக்குள் இருந்த மைசூர் ஹைதர் அலியின் படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கினார். கோயில் மதிலை வெல்ல முடியாமல் திரும்பினார். இரண்டு வாரத்தில், ஜூலை 1, பரங்கிப்பேட்டையில் அதே கூட் ஹைதரை வென்றார். 1783 ஜூன் 13, கடலூர்: அதுதான் மிகக் கொடிய நாள். உள்ளே புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை. ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் செத்தவரும் காயம்பட்டவருமாக ஆயிரத்துக்கு மேல். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது இதற்கெல்லாம் பிறகு. சீக்கிரம் வந்திருக்கக் கூடாதா அந்தக் காகிதம்! கடிதத்துக்கும் நம் ஊரில் காகிதம் என்றுதானே பெயர்.

இவற்றிலெல்லாம் இரு தரப்பிலும் நின்று சுட்டவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். பல சாதி, பல மதம். வங்காளத்திலிருந்து நடந்தே வந்த சிப்பாய்களும் கடலூர் முற்றுகையில் இருந்தார்கள். அத்தனை பேரும் காகிதத்தைக் கடித்தார்கள். யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. உலர்ந்த காகிதம், தீட்டு இல்லை. சிப்பாயின் ஆசாரத்தைக் கம்பெனி தொட்ட இடம் வேறு: 1806 ஜூலையில் வேலூரில், புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் சின்னம். தலைக்கு மேலே வைத்த தோலுக்கே கோட்டை ரத்தமானது. அந்தப் பாடத்தை ஐம்பது ஆண்டில் மறந்துவிட்டு, அடுத்து வாய்க்குள்ளேயே கை வைத்தார்கள்.

அதற்குக் காரணம் கெட்ட எண்ணம் மட்டும் என்று சொன்னால் கதை சுலபமாகிவிடும். ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. அது எனக்கு விளங்க நாளாயிற்று.

குழலின் உட்சுவரில் திருகாணியின் மரை போல வரிகள் வெட்டினால் அதுதான் ரைஃபிள். அந்த வரிகளைப் பற்றிக்கொண்டு வரும் குண்டு பம்பரம் போலச் சுழன்றபடி வெளியேறும்; சுழல்கிற பம்பரம் சாயாதது போல அதுவும் நேர்கோட்டில் போகும். ஆனால் வரியைப் பற்ற வேண்டுமானால் குண்டு குழலை இறுக்கமாக நிறைக்க வேண்டும். இறுக்கமான குண்டை வாய்ப்பக்கமாக இடித்து இறக்குவது எப்படி? ஈயமோ மெத்து. வேகமாகத் தள்ளினால் வரியைப் பற்றாமல் வழுக்கும். குழலின் சுவரில் ஈயப் பற்று ஏறும். நாலைந்து வெடிக்குப் பிறகு ரைஃபிள் வெறும் இரும்புக் குழாய். எண்ணெய் விட்ட துணியில் உருண்டையைப் பொதிந்து இறக்கினார்கள் வேட்டைக்காரர்கள். நல்ல குறி கிடைத்தது, ஆனால் ஒரு வெடிக்கு நிமிடக்கணக்கு. போரில் எதிரி காத்திருப்பானா?

விடை காகிதம். குண்டுக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய, உறுதியான காகிதம் ஒன்றைச் சுற்றிவிட்டால் ஈயம் இரும்பைத் தொடாது; காகிதம் வரிகளில் அழுந்திக் குண்டைத் திருப்பும்; குழலைவிட்டு வெளியே வந்த கணத்தில் கிழிந்து உதிர்ந்துவிடும். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குண்டு தனியே போகும்.

கேட்க எளிது. நானும் சும்மா இருக்காமல் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியை எடுத்துக் காகிதம் சுற்றிப் பார்த்தேன். நீள்சதுரமாக வெட்டிச் சுற்றினால், முனை முடிகிற இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரப்பு. கட்டியை உருட்டினால் அந்த இடத்தில் தட்டுகிறது. இந்த வரப்போடு குண்டு சுழன்றால் பம்பரத்தின் ஒரு பக்கம் சாணி அப்பியது போலத்தான். பிறகு வழி தெரிந்தது. காகிதத்தின் இரு முனைகளையும் சாய்வாக வெட்ட வேண்டும், இணைகரம் மாதிரி. சரியாக இரண்டு சுற்று. தொடக்க முனையும் முடிவு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளியும் விடாமல், ஒட்டுப்போட்ட வேட்டிக் கரை போல வந்து சேர வேண்டும். ஏறினால் வரப்பு, விட்டால் பள்ளம். மயிரிழை அளவு நீளம் பிசகினாலும் ஆகாது. எனக்குப் பதினோராவது தடவை வந்தது, அதுவும் சுமாராக.

காகிதத்தை நனைத்துச் சுற்ற வேண்டும். நனைந்த காகிதம் சற்று விரியும். காயும்போது சுருங்கிக் குண்டை இறுகக் கவ்விக்கொள்ளும், பசை தேவையில்லை. மூக்குப் பக்கம் ஈயம் வெளியே தெரியலாம். அடிப்பக்கம் மிச்சம் நிற்கிற காகிதத்தைத் திருகியோ மடித்தோ குண்டின் அடிக்குழியில் செருக வேண்டும். மீண்டும் சுண்டல் பொட்டலம். காகிதமும் கந்தல் துணியிலிருந்து செய்ததாக இருந்தால்தான் நல்லது. நார் நீளம், ஈரத்தில் கிழியாது. அந்தக் காலத்து ஆங்கிலக் காகிதம் பழந்துணியைக் கூழாக்கிச் செய்தது. கடலூர்ப் பக்கத்துத் தறிகளில் நெய்த துணியைக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனதே, அது அங்கே கட்டிக் கிழிந்து கந்தலாகி, காகிதமாகி, தோட்டாவாக இந்தப் பக்கமே திரும்பி வந்திருக்கக் கூடாதா என்ன? இது வெறும் கற்பனைதான், ஆனால் விடமாட்டேன் என்கிறது.

குண்டை வடிப்பதே இந்தக் காகிதத்தை நினைத்துத்தான். மற்றக் குண்டுகளுக்கு இடுப்பில் மெழுகு தங்கும் வரிப்பள்ளம் உண்டு. காகிதக் குண்டுக்கு உடம்பு வழவழப்பு. குழலின் மேடுகளுக்கு இடையே எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அந்தப் பருமனுக்குக் குண்டு. காகிதம் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனம் என்றால், இரண்டு சுற்றில் இரு பக்கமும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடும். அந்தக் கூடுதல்தான் போய்க் குழலின் வரிப்பள்ளத்தை நிறைக்க வேண்டும். தையற்காரர் உடம்பை அளந்து சட்டை தைப்பார். இங்கே சட்டைக்கு ஏற்ற மாதிரி உடம்பை வார்த்தார்கள்.

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் இந்த யோசனையைப் படைக்கு ஏற்றதாக ஆக்கியது. குழல் 14.7 மில்லிமீட்டர், குண்டு, காகிதத்தைச் சேர்க்காமல், 14.4. எளிதாக உள்ளே இறங்கும். வெடிக்கும்போது அடிக்குழி விரிந்து வரிகளைப் பிடிக்கும். தோட்டாவில் குண்டு இருந்த பக்கத்துக் காகிதமே குண்டோடு சேர்ந்து குழலுக்குள் போகும், மிச்சத்தைக் கிழித்தெறிவார்கள். உல்விச் ஆயுதச் சாலையில் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்து இந்தத் தோட்டாக்களைச் சுருட்டினார்கள். பீடி சுற்றும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டாம்.

கருமருந்து வெடித்தால் குழலில் கெட்டியான கரி படியும். அதன் மேல் காகிதம் சுற்றிய குண்டு இறங்க வேண்டுமானால் வழுக்கல் வேண்டும். ஆகவே குண்டு இருந்த முனையை உருக்கிய கொழுப்பிலும் தேன்மெழுகிலும் தோய்த்தார்கள். ஐந்து பங்கு கொழுப்புக்கு ஒரு பங்கு மெழுகு. எந்த விலங்கின் கொழுப்பு? விலைக்குக் கிடைத்தது. ஒப்பந்தக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. நூறு ஆண்டு கடித்துப் பழகிய அதே பொட்டலம், அதே வாய். கூடுதலாக வந்தது ஒரு முனையில் பிசுபிசுப்பு.

மீதிக் கதை பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. 1857 ஜனவரியில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம்மில் பேச்சு கிளம்பியது: பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு. பாடப்புத்தகம் சொல்லாத ஒன்று வங்காளத்துப் பெர்ஹாம்பூரில் நடந்தது. பிப்ரவரி 26 அன்று 19ஆம் படைப்பிரிவு வாங்க மறுத்த தோட்டாக்களில் கொழுப்பே கிடையாது. பழைய துப்பாக்கிக்கான சாதாரணத் தோட்டா. ஆனால் காகிதம் ஒரே மாதிரி இல்லை, சிலவற்றின் பளபளப்பு வேறு. அது போதும். அதற்குள் சந்தேகம் கொழுப்பைத் தாண்டிக் காகிதத்துக்கே ஏறிவிட்டது. நீங்களே நெய்யும் மெழுகும் வாங்கித் தடவிக்கொள்ளுங்கள் என்றது அரசு. பல்லால் கடிக்க வேண்டாம், விரலால் கிழியுங்கள் என்று பயிற்சி முறையை மாற்றியது. ஒளிக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் மாற்றுகிறார்கள் என்று கேட்டார்கள் சிப்பாய்கள். நியாயமான கேள்வி. மார்ச் 29 மங்கள் பாண்டே. ஏப்ரல் 24 மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் மறுப்பு. மே 10 பெருந்தீ.

கிளர்ச்சிக்குக் காரணம் தோட்டா மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. நிலமும் வரியும் பறித்த அரசுகளும் இருந்தன. ஆனாலும் கையில் வந்து நின்றது அதுதான்.

இப்போது சென்னை. 1857இல் சென்னைப் படை பெரும்பாலும் கம்பெனி பக்கம் நின்றது. அதிலிருந்த ஐரோப்பியப் படைப்பிரிவு, மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ், கப்பலேறிக் கல்கத்தா போனது. அவர்களிடம் என்ஃபீல்டு இருந்தது. தலைவர் கர்னல் ஜேம்ஸ் நீல். ஜூலை 12 அன்று ஃபதேபூரில் ஜெனரல் ஹேவ்லாக் தலைமையில் அந்த ரைஃபிள்கள் எட்டத்திலிருந்தே ஆட்களைச் சாய்த்தன. கிளர்ச்சிக்காரர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் வழவழப்புக் குழல் பழந்துப்பாக்கி, அவர்களுடைய குண்டு அவ்வளவு தூரம் எட்டவே எட்டாது. எந்தத் தோட்டாவைத் தொட மாட்டோம் என்றார்களோ அதனாலேயே செத்தார்கள். காசியிலும் அலகாபாத்திலும் நீல் தூக்கில் போட்டவர்களுக்குக் கணக்கில்லை. கான்பூரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டின் தரையில் காய்ந்திருந்த ரத்தத்தைக் கைதிகளை நக்கவைத்துப் பிறகு தூக்கிலிட்டார். மறுபடியும் வாய். செப்டம்பர் 25 அன்று லக்னோவில் ஒரு குண்டு நீலையும் கொன்றது. 1861இல் சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

காகிதம் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டு வாழ்ந்தது, சொல்லப்போனால் அதன் நல்ல காலமே அப்போதுதான். கொழுப்பைக் குறைத்துத் தேன்மெழுகைக் கூட்டினார்கள். 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளில் மருந்தை வாய்ப்பக்கம் கொட்ட வேண்டியதில்லை. பின்பக்கம் திறந்து ஒரே ஒரு தோட்டா வைத்துச் சுடலாம். யாரும் எதையும் கடிக்க வேண்டாம். 11.43 மில்லிமீட்டர் குழல், 31 கிராம் குண்டு, பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், மேலே காகிதச் சட்டை, அடியில் தேன்மெழுகு வில்லை. அமெரிக்காவில் ஷார்ப்ஸ் ரைஃபிளில் காட்டெருமை மந்தைகளைக் காலி செய்ததிலும் காகிதக் குண்டுக்குப் பங்கு உண்டு. இந்தியச் சிப்பாய்க்கோ 1857க்குப் பிறகு எப்போதும் ஒரு தலைமுறை பழைய துப்பாக்கிதான் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் கையில் மார்ட்டினி வந்தபோது இவன் கைக்கு அவன் கழித்த ஸ்னைடர் வந்தது. காகிதம் ஆளையும் பார்த்துத்தான் சட்டை தைத்தது.

1880களில் சுவிட்சர்லாந்தின் எடுவர்ட் ரூபின் ஈயத்துக்குச் செம்பால் உறை போட்டார். 1886இல் பிரான்சில் புகையில்லா மருந்து வந்தது. அந்த வேகத்தையும் சூட்டையும் காகிதம் தாங்காது. ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு வெளிநாடுகளில் பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வைத்திருக்கும் சில பொழுதுபோக்குக்காரர்கள் மட்டும் காகிதம் வெட்டி, நனைத்து, சுற்றி, காயவைத்து, போட்டிகளில் சுடுகிறார்கள்.

நீல் சிலை மட்டும் மவுண்ட் ரோட்டில் நின்றுகொண்டே இருந்தது. 1927இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் தொடங்கியது. கடலூர் முதுநகரில், பழைய துறைமுகப் பக்கத்தில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாள், ஒத்துழையாமை இயக்கக் காலத்திலேயே பொதுவாழ்வுக்கு வந்தவர், சிலையை உடைக்கச் சென்னைக்குப் போனார். கூடவே மகள் அம்மாக்கண்ணு, ஒன்பது வயதுப் பிள்ளை. இருவரும் கைதானார்கள். பிறகு காந்தி அந்தச் சிறுமியை வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று லீலாவதி என்று பெயர் வைத்தார். தென்னாட்டின் ஜான்சி ராணி என்று அஞ்சலையம்மாளைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடிக்காது. ஜான்சி ராணியிடம் அரசும் படையும் குதிரையும் இருந்தன. இவர் முதுநகரிலிருந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்.

1937 தேர்தலில் காங்கிரஸ் வென்றது; ராஜாஜி ஆட்சிக்கு வந்தார். அந்த ஆண்டே நீல் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து இறக்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதே தேர்தலில் வென்று அப்போது சட்டசபையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், கடலூர் அஞ்சலையம்மாள்.